இரண்டாம் முறை நீளும் குச்சி

என் அம்மா செய்யும் போதைக் கோழியை ஷாவ்ஷிங் நகரில் பாதிப் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொல்வார். அது கொஞ்சம் கூடுதல். எங்கள் கால்வாய்த் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஆனால் ஒன்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கோழியில் ஒரு துண்டுகூட வாயில் போட்டுப் பார்க்காத ஆள் எங்கள் தெருவிலேயே ஒருவர்தான். அது அம்மா.

அம்மாவின் பெயர் ருவான் ஹைதாங். அவளுக்கு மது ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் கழுத்திலிருந்து நெற்றி வரை வெந்த நண்டு மாதிரி சிவந்துவிடும். உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கும். போதைக் கோழி என்பது வெந்த கோழியை ஆறவைத்து, அரிசி மது கலந்த சாற்றில் ஒன்றரை நாள் ஊறவிட்டு, சில்லென்று வெட்டி வைப்பது. மதுவைக் கொதிக்கவிடுவதே இல்லை. அதனால் அதில் ஒரு துண்டு தின்பதும் ஒரு மிடறு குடிப்பதும் அம்மாவுக்கு ஒன்றுதான்.

வேறு ஊராக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே சாப்பிடும் குச்சியின் நுனியில் மதுவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அம்மா மலைப்பக்கத்திலிருந்து வந்தவள். தேயிலை பறிக்கும் வீடு. அவள் வீட்டில் யாருக்கும் மது ஒத்துக்கொள்ளாது. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. கல்யாணத்தன்றுதான் அது குறையானது.

புது மருமகள் மேசை மேசையாகப் போய்க் கிண்ணம் தூக்க வேண்டும். கிண்ணத்தோடு கிண்ணம் இடிக்கும்போது நம்முடைய விளிம்பு எதிரில் இருப்பவரின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. அம்மா எல்லோருக்கும் தாழ்த்தித் தாழ்த்தி இடித்தாள், குடித்தாள், மூன்றாவது மேசையில் விழுந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம்: "நல்லா தேடி எடுத்தடா தம்பி. தண்ணில போட்டா செத்துப்போற மீனையில்ல கொண்டாந்திருக்க!"

அன்றிலிருந்து விருந்துகளில் அம்மா தேநீர்க் கோப்பைதான் தூக்குவாள். உள்ளே இருப்பது வெறும் தேநீர் என்பதால் மற்றவர்களைவிட இன்னும் ஒரு விரல் கீழே தாழ்த்துவாள். பெரியவர், சின்னவர், மளிகைக்கடைக்காரர், யாராக இருந்தாலும் அப்படித்தான். நான் பள்ளியில் படிக்கும்போது எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

அம்மா பதினாறு வருடம் துணி ஆலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆலை ஊருக்கு வெளியே இடம் மாறியபோது அவள் போகவில்லை. சமையலறை ஜன்னலைத் தெருப்பக்கம் அகலமாக்கி, ஆறிய பதார்த்தங்கள் விற்க ஆரம்பித்தாள். சோயாவில் வெந்த வாத்து, உப்புக் கடலை, சோம்பு போட்ட மொச்சை. கோடை வந்ததும் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "போதைக் கோழி இல்லையா?"

முதல் தடவை அவள் கொதிக்கும் சாற்றிலேயே மதுவை ஊற்றிவிட்டாள். வாசனை முழுவதும் ஜன்னல் வழியாகக் கிளம்பி கால்வாயைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்ப்படிக்கட்டில் தினமும் உட்காரும் மூன்று பெரியவர்களுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். மிச்சம் அப்படியே தட்டில் இருந்தது.

சமைக்கிறவள் தானே தின்று பார்த்தால் எது குறை என்று தெரியும். அம்மாவுக்கு அந்த வழி இல்லை. அடுத்தவர் நாக்கைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அடுத்தவர் வாய் பொய் சொல்கிறது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வாயைக் கேட்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று, அலமாரிக் கண்ணாடியில் தெரியும் குச்சிகளை மட்டும் பார்ப்பாள்.

"முதல் துண்டு எனக்காக எடுக்கிறாங்க. ரெண்டாவது துண்டுதான் கோழிக்காக" என்பாள்.

இரண்டு கோடைக்காலம் அப்படியே பார்த்தாள். குச்சி திரும்ப நீளவில்லை என்றால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவாள். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் இஞ்சி, ஒரு நாள் மதுவின் அளவு. கோழியைக் கழுத்தில் பிடித்து, கொதிநீரில் மூன்று தடவை முக்கி எடுத்து, பிறகு அடுப்பை அணைத்து மூடிவைப்பாள். எலும்பின் நடுவில் இளஞ்சிவப்பு மாறுவதற்குள் ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுவாள். அப்போது தோல் இறுகி வழவழவென்று ஆகும். சாறு முழுக்க ஆறி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுத்த பிறகுதான் மது. சாறு பாதி, மது பாதி. மது மூலைக்கடையில் ஜாடியிலிருந்து அகப்பையால் அளந்து தரும் மூன்று வருட மது. கோழியின் தோல் கீழே இருக்கும்படி அழுத்தி வைத்து மூடிவிடுவாள். மறுநாள் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முகர்வாள். அப்போதும் கன்னம் லேசாகச் சிவக்கும். நாக்கு இல்லையே தவிர, முகர மூக்கும் தோலை அழுத்திப் பார்க்கக் கட்டைவிரலும் அவளுக்கு இருந்தன.

இரண்டாவது கோடையின் முடிவில் ஒரு நாள், படிக்கட்டில் இருந்த மூன்று பெரியவர்களும் கடைசித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் எதையும் மாற்றவில்லை.

இந்தக் கோடையில் என் அண்ணன் ஷூஹாங்குக்கு நிச்சயம் முடிவானது. பெண்ணின் பெயர் லிங்யன். அவள் அப்பா ஷியே தஹாய் ஒரு மது ஆலையில் இருபத்தேழு வருடமாகச் சுவை பார்க்கிறவர். காலையில் வெறும் வயிற்றோடு நாற்பது கிண்ணம் முகர்ந்து, ஒவ்வொன்றும் எந்த வருடம் என்று சொல்லிவிடுவாராம். நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் களிமண் பூசி மூடிய ஒரு ஜாடி.

"சம்பந்தியம்மா, உங்க கோழியப் பத்தி லிங்யன் சொல்லிச் சொல்லி என் காதே ஊறிப்போச்சு. அந்தக் கோழிக்குத்தான் இத கொண்டாந்தேன்."

"எதுக்குங்க சிரமம்? என்ன மது இது?"

"இருபது வருஷம். சுவை பாக்குறவங்களுக்கு என்னைத் தலைவராக்கின வருஷம் எடுத்து வெச்சது. இதுவரைக்கும் யாருக்கும் தொறக்கல. பஸ்ல மடியில வெச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன், தூங்குற குழந்தையான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் அப்பா.

"ஆமா, இருபது வயசுன்னு சொன்னேன்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதுவைப் பற்றிப் பேசினாலே அவருக்கு முகம் மலரும். இருபது வருட மது தன் வீட்டுக் கோழிக்கு என்றால் கேட்க வேண்டுமா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அம்மா மூடியைத் தட்டி உடைத்து, தாமரை இலையைப் பிரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு முகர்ந்தாள். பிறகு ஒரு கிண்ணம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதே இலையால் ஜாடியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். ஒரு கோழிக்காலை மட்டும் அதில் ஊறப்போட்டாள்.

கால் தேநீர் நிறத்தில் வந்தது. அதை வெட்டித் தெருக்காரர்களுக்கு வைத்தாள்.

பக்கத்து வீட்டு ஜின்தி அக்கா தோஃபு விற்கிறவர். அவர் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "ஹைதாங்! நான் செத்தா என்னையும் இதுலதான் ஊறப்போடணும், சொல்லிட்டேன்!" என்றார். சொல்லிவிட்டுக் குச்சியைத் தட்டோரம் வைத்துவிட்டார். படிக்கட்டுப் பெரியவர்கள், "இருபது வருஷம்னா சும்மாவா!" என்று தலையை ஆட்டினார்கள். ஆளுக்கு ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் "அருமையா இருக்கும்மா" என்றேன்.

"நீ எத்தன துண்டு தின்ன?"

"ஒண்ணு."

"நேத்து என் கோழியில எத்தன தின்ன?"

நேற்று எத்தனை என்று நான் எண்ணவே இல்லை. நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இருபது வருட மது என்று தெரிந்த பிறகு அதை நன்றாக இல்லை என்று சொல்ல என் நாக்கு துணியவில்லை. எங்கள் ஊரில் யார் நாக்கும் துணியாது.

அப்போதுதான் பார்சல் கொண்டுவரும் தம்பி பாங் வந்தான். அவன் வேறு மாகாணத்தவன். ஜாடியைப் பற்றி எதுவும் தெரியாது. வாரம் இரண்டு முறை எங்களிடம் கோழி வாங்குகிறவன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டினாள். அவன் மென்றுவிட்டு முகம் சுளித்தான்.

"என்னக்கா ஆச்சு இன்னிக்கு? கசக்குதே. கோழிக்கு உடம்பு சரியில்லன்னு கஷாயம் குடுத்தீங்களா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாடி வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்று மதியம் வீட்டில் சண்டை.

"அந்த மது கோழியத் தின்னுடுது, பாவோகென். கோழி வாசனையே வெளிய வரல. அது குடிக்கிறதுக்கு உள்ள மது, ஊறப்போட இல்ல" என்றாள் அம்மா. பாவோகென் என்பது என் அப்பாவின் பெயர்.

"ஒரு சொட்டு குடிச்சா மயங்கி விழுற நீ, இருபத்தேழு வருஷம் மது முகர்ந்தவருக்குப் பாடம் சொல்லப்போறியா?"

"மது அவருக்குத் தெரியும். கோழி எனக்குத் தெரியும்."

"அவரு தன் கையால கொண்டாந்து குடுத்திருக்காரு. அத விட்டுட்டு மூலைக்கடை மதுவுல செஞ்சு வெச்சா, அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"வேணும்னா ஊத்தி செய்யறேன். ஆனா அத என் கோழின்னு சொல்லி மேசையில வெக்க மாட்டேன்."

அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னான்: "அம்மா, ஒரு வேளைச் சாப்பாடுதானே. அவரு மதுவுலயே செஞ்சிடேன். எனக்காக."

அம்மா அவனைப் பார்த்தாள். உள்ளே போய் மறுநாளுக்கான வாத்துகளைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு கோழி அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியும். மீன் என்று சொன்ன ஊரில் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்ததே அதனால்தான்.

வாத்து வேலை முடிந்ததும் அம்மா வெளியே வந்தாள்.

"ரெண்டு கோழி வாங்கறேன். அவர் மதுவுல ஒண்ணு, என் மதுவுல ஒண்ணு. ரெண்டையும் வெக்கறேன். யாரும் எதுவும் சொல்லக் கூடாது. முக்கியமா நீ, பாவோகென்."

"நான் எதுக்குப் பேசப்போறேன்?" என்றார் அப்பா.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயில் கொளுத்தியது. எங்கள் முன்னறையில் பெரிய வட்ட மேசை போட்டு, ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தோம். லிங்யன், அவள் அப்பா, அம்மா; எங்கள் பக்கம் நாங்கள் நால்வர், பெரியத்தை. வழக்கப்படி முதலில் எட்டு ஆறிய பதார்த்தங்கள். அவற்றில் இரண்டு வெள்ளைத் தட்டுகளில் போதைக் கோழி. ஒன்று பழுப்பு, ஒன்று வெளிர்மஞ்சள்.

தஹாய் உட்காரும் முன்பே மூக்கை நீட்டினார். "ஆ! இது என் ஜாடி! தெருமுனையிலயே தெரிஞ்சிடுச்சு."

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "உங்க மதுவேதான் சம்பந்தி!"

"அப்ப இந்த இன்னொரு தட்டு?"

"அதா? அது சும்மா... குழந்தைங்களுக்காக."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மொச்சைத் தட்டை நேராக வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கன்னம் சிவந்திருந்தது, மது தொடாமலேயே.

தஹாய் பழுப்புத் தட்டிலிருந்து எடுத்தார். மென்றார். தலையாட்டினார். அவர் எடுத்ததும் அப்பா எடுத்தார், அண்ணன் எடுத்தான், பெரியத்தை எடுத்தார். "ஆஹா, இருபது வருஷம்!" என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் குச்சியைக் கீழே வைத்தார்கள். தஹாய் மட்டும் இரண்டாவது துண்டு எடுத்தார், மூன்றாவதும் எடுத்தார். அம்மா திரும்பி முன்னறை அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அவர் குச்சி திரும்பத் திரும்பப் போவதை அவள் பார்த்தாள். அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது லிங்யனின் அம்மா பேசினார். ஒல்லியான, அமைதியான ஆள். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"வீட்டுல மூணு வேளையும் மதுப் பேச்சுதான். இங்கயாச்சும் நான் குழந்தையாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி வெளிர்மஞ்சள் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்.

அதைத் தின்றார். வாய் காலியாகும் முன்பே குச்சி திரும்ப நீண்டது. மறுபடி நீண்டது. லிங்யன் பார்த்தாள், அவளும் எடுத்தாள். அண்ணன் எடுத்தான். பெரியத்தை ஒரு துண்டு எடுத்து, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னொன்றைத் தன் கிண்ணத்தில் சோற்றுக்கடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் குச்சிகூட, பாவம், பழுப்புத் தட்டுக்கு மேலே கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தப் பக்கம் போனது.

தஹாய் நிமிர்ந்து பார்த்தபோது பழுப்புத் தட்டு பாதி நிறைந்திருந்தது. குழந்தைகள் தட்டில் ஒரு இறக்கையும் கழுத்துத் துண்டும்தான் மிச்சம்.

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க குழந்தை இல்ல. உங்களுக்கு எதுக்கு?"

அவர் இறக்கையை எடுத்தார். மென்றார். பிறகு மெல்வதை நிறுத்தினார். ஆலையில் கிண்ணம் முகரும்போது எப்படி இருப்பாரோ, அப்படி அவர் முகம் மாறியது. மீதியையும் தின்று, எலும்பை உறிஞ்சி வைத்தார். கழுத்துத் துண்டையும் எடுத்தார். அது முடிந்ததும் தட்டைத் தூக்கி, அடியில் தேங்கியிருந்த சாற்றைக் குடித்தார்.

"இது என்ன மது?"

அப்பா இருமினார். "அது வந்து சம்பந்தி..."

"மூலைக்கடைல அகப்பையில அளந்து குடுக்கற மூணு வருஷ மது" என்றாள் அம்மா. இப்போது திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மது பெரிய மது. அது பேச ஆரம்பிச்சா கோழி வாயத் தொறக்க முடியல. கோழிக்குப் பக்கத்துல சின்ன மதுதான் நிக்கணும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க தின்னு பாத்தீங்களா?" என்று தஹாய் கேட்டார்.

"நான் இதுவரைக்கும் தின்னதே இல்ல. எனக்கு ஆகாது."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"உங்க கையப் பாத்தேன்."

தஹாய் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார், அது யாருடைய கையோ என்பதுபோல. பிறகு பழுப்புத் தட்டைப் பார்த்தார். "நான் மூணு துண்டு தின்னேனே?"

"அது கோழிக்காக இல்ல. உங்க இருபது வருஷத்துக்காக."

அவர் மனைவி முதலில் சிரித்தார். "இத்தன வருஷத்துல சமையக்கட்டுக்குள்ள ஒரு நாள் வந்திருந்தா, இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்." பிறகு தஹாயும் சிரித்தார், மேசை அதிரும்படி.

"ஜாடி முழுக்க இதுலயே போயிடுச்சா?" என்று கவலையோடு கேட்டார்.

அம்மா உள்ளே போய் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். தாமரை இலை கட்டியபடியே இருந்தது. "ரெண்டு கிண்ணம்தான் எடுத்தேன். மிச்சம் அப்படியே இருக்கு."

தஹாய் ஜாடியை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து எல்லோருக்கும் ஊற்றினார். அம்மாவுக்குத் தேநீரை அவரே ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார். பெண்ணைக் கொடுக்கும் வீட்டுத் தலைவர். ஊரே மதிக்கும் நாக்கு.

அம்மா வழக்கம்போலக் கோப்பையைத் தாழ்த்தினாள். தஹாய் தன் விளிம்பை அதற்குக் கீழே கொண்டுபோனார். அம்மா பதறி இன்னும் கீழே போனாள். அவர் விடவில்லை. இப்படியே இருவரும் குனிந்து குனிந்து, கிண்ணமும் கோப்பையும் மேசைப் பலகை வரை வந்துவிட்டன. லிங்யன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சம்பந்தியம்மா, இதுக்கும் கீழ போகணும்னா நான் மேசைக்கு அடியில உக்காரணும்" என்றார் தஹாய். "இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க."

அம்மா நிமிர்ந்தாள். கோப்பையைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தஹாயின் கிண்ணம் கீழிருந்து வந்து அதன் அடியில் தட்டியது. அவள் கோப்பையைத் தாழ்த்தவில்லை.

பெரியத்தை சோற்றுக்கடியில் ஒளித்துவைத்த துண்டை வெளியே எடுத்து, எல்லோர் எதிரிலும் தின்றார்.